மேலே போட்டுக் காட்டுகிற வேலை

"இந்தக் கிளிப்பச்சை உனக்கு எடுக்கலையேம்மா" என்று சொன்னீர்களே அக்கா, அதில் எனக்குக் கோபம் ஒன்றும் இல்லை. மதுரையில் ஏறினீர்கள். பேர் கேட்டீர்கள். பொன்மலர் என்றேன், நல்ல பேர் என்றீர்கள். கொய்யாப்பழம் கொடுத்தீர்கள். அப்புறம் இதைச் சொன்னீர்கள். பழம் கொடுத்துவிட்டுச் சொன்னதால் பாதி மன்னிப்பு. மீதிப் பாதிக்கு நீங்கள் இறங்குகிற தாராபுரம் வரைக்கும் நான் சொல்வதைக் கேட்டுக்கொண்டு வர வேண்டும். தூக்கம் வந்தால் தூங்கிக்கொள்ளுங்கள். நான் நிறுத்த மாட்டேன்.

என் தொழிலே சேலைதான். எந்தக் கலர் யாருக்கு எடுக்கும், யாருக்கு எடுக்காது என்று பார்த்த உடனே சொல்வேன். உங்களுக்கு இந்த மஞ்சள் எடுக்கவில்லை, தப்பாக நினைக்காதீர்கள். சோகை பிடித்த மாதிரி காட்டுகிறது முகத்தை. மயில்கழுத்துக் கலர் உடுத்திப் பாருங்கள். பார்த்தீர்களா, சரிக்குச் சரி ஆகிவிட்டது. இனி நிம்மதியாகப் பேசலாம்.

திருநெல்வேலியில் ஒரு பெரிய ஜவுளிக்கடை. கடைப் பேரைச் சொல்ல மாட்டேன். பயந்துகொண்டு இல்லை. மனு போட்டிருக்கிறேன், முடிகிற வரைக்கும் வெளியில் சொல்லித் திரியாதே என்று ஆபீஸில் சொல்லியிருக்கிறார்கள். வாசலோடு இருக்கிற தளத்தில் வேட்டி சட்டை. முதல் மாடியில் சாதாச் சேலை, சுடிதார். இரண்டாவது மாடி பட்டு. எல்லாவற்றுக்கும் அடியில், பூமிக்குள், பேக்கிங். அங்கேதான் பாத்ரூம், அங்கேதான் நாங்கள் சாப்பிடுகிற இடம், அங்கேதான் நான்.

பட்டு மாடியில் வேலை எப்படி நடக்கும் தெரியுமா? வெள்ளை விரிப்புப் போட்ட மெத்தை இருக்கும். பெண் வீட்டார் ஒரு பக்கம், மாப்பிள்ளை வீட்டார் ஒரு பக்கம் உட்கார்ந்திருப்பார்கள். கல்யாணச் சேலையை விரித்து மட்டும் காட்டினால் யாருக்கும் திருப்தி வராது. கல்யாணப் பெண்ணோ கூச்சத்தில் எழுந்து நிற்க மாட்டாள். அதனால் கடைப் பெண் ஒருத்தி கண்ணாடி முன்னால் நின்று, கொசுவம் மடித்து இடுப்பில் செருகி, முந்தியைத் தோளில் போட்டு, அப்படித் திரும்பி இப்படித் திரும்பிக் காட்ட வேண்டும். மேலே போட்டுக் காட்டுவது என்று பேர். அதற்கென்று கோமதி மாதிரி நாலு பேர். அவர்களுக்குத் தலை நிறையப் பூ, கடையே வாங்கிக் கொடுக்கும்.

எனக்கு அந்த இடம் வேண்டும் அக்கா. பூவுக்காக இல்லை. சேலை மேலே விழுந்ததும், அதுவரைக்கும் கரை சின்னது ஜரிகை மட்டம் என்று கத்திக்கொண்டிருந்த இருபது பேரும் வாயை மூடிக்கொண்டு பார்ப்பார்கள் பாருங்கள், அந்த ஒரு நொடிக்காக. நான் பேக்கிங்கில் இருந்தபோது ஏதாவது சாக்குச் சொல்லி மேலே போய், படிக்கட்டில் நின்று அதைப் பார்த்துவிட்டு வருவேன். மூன்று வருஷம் பார்த்தேன்.

முதலாளியின் மருமகள் தீபலட்சுமி மேடம். படித்தவர், நல்லவர். நல்லவர் என்றுதான் இப்போதும் சொல்வேன். மகளிர் தினத்துக்கு எங்களுக்கெல்லாம் ஒரே கலரில் சேலை எடுத்துக் கொடுத்து, கேக் வெட்டி, "நம்ம கடைல பொண்ணுங்கதான் முதலாளி" என்று மைக்கில் பேசுவார். போன வருஷம் அவர்தான் பரீட்சை வைத்தார். கண்ணைக் கட்டிக்கொண்டு சேலையைத் தொட்டுப் பார்த்துச் சொல்ல வேண்டும். எனக்கு அது ஒரு விஷயமா? தினமும் நூறு பட்டுச் சேலையை மடித்துப் பெட்டியில் வைத்த கை. கரையைத் தனியாக நெய்து உடலோடு கோத்த கோர்வைச் சேலையா, சும்மா ஒன்றாக ஓட்டியதா, விரல் வைத்த உடனே சொல்லிவிட்டேன். முதல் இடம். மேடம் என் தோளில் கை போட்டு போட்டோ எடுத்துக்கொண்டார். என்னைப் பட்டு மாடிக்கு ஏற்றினார்கள்.

ஏற்றினார்கள், ஆனால் கண்ணாடி முன்னால் இல்லை. ரேக்குக்குப் பின்னால். சேலையை உருவி உருவிக் கொடுக்கிற இடம். வாங்க வருகிறவர்களுக்கு என் கை மட்டும் தெரியும். அந்த மாடிக்குச் சூப்பர்வைசர் சண்முகவடிவு அக்கா. அவரிடம் போய்க் கேட்டேன்.

"அக்கா, பரீட்சைல ஃபர்ஸ்ட் வந்தது நான்தான?"

"ஆமாட்டி. யாரு இல்லன்னா?"

"பின்ன கோமதியத்தான மேலே போட்டுக் காட்டச் சொல்லுதீக."

"கோமதி செவப்பு. உன் மேல போட்டா கலர் எடுக்காது."

"அரக்கு எடுக்கும்க்கா. அரக்கு எனக்கு எடுக்கிற மாதிரி கோமதிக்கு எடுக்காது. அவ மேல போட்டா ஆஸ்பத்திரிப் போர்வை மாதிரி இருக்கு."

"உனக்கு வாய் மட்டும் எல்லா இடத்துலயும் நல்லா எடுக்கு" என்று சிரித்தார். அப்புறம் கிட்டே வந்து, குரலைத் தாழ்த்தி, "கலர் மட்டும் இல்லட்டி. கல்யாணச் சேலை. மொதல்ல யாரு மேல படுதுன்னு பாப்பாக. நீ வெவரமான பிள்ளை, புரிஞ்சுக்கோ" என்றார்.

புரியாமல் என்ன? நீங்கள்கூடக் கேட்டீர்கள் இல்லையா, ஊரில் எந்தப் பக்கம் என்று. கீழத்தெரு என்றேன். அப்புறம் திண்டுக்கல் வரைக்கும் ஜன்னல் வழியாக வெளியே பார்த்துக்கொண்டு வந்தீர்கள். அங்கே பார்க்க ஒன்றும் இல்லை அக்கா, வெறும் பொட்டல். பரவாயில்லை. இப்போது திரும்பி உட்கார்ந்துவிட்டீர்கள், அது போதும்.

இதில் செல்லத்துரையைப் பற்றியும் சொல்ல வேண்டும். எங்கள் தெருப் பையன், அதே கடையில் வேட்டி செக்ஷன். ஆறு வருஷமாக வாசல் பக்கத்திலேயே நிற்கிறான். என்னைவிடக் கறுப்பு. கறுத்த கையில் வெள்ளை வேட்டி பளிச்சென்று தெரிகிறது என்று முதலாளியே அவனை முன்னால் நிறுத்தினார். யாரும் அவனை எந்தத் தெரு என்று கேட்டது இல்லை. கேட்டாலும் என்ன? வேட்டியை அவன் மேலே போட்டுக் காட்ட வேண்டியதில்லை. கையில் வைத்து விரித்தால் முடிந்தது.

போன ஆவணியில் அது நடந்தது. ஒரே நாளில் ஏழு கல்யாண வீடு. கோமதி விரதம் இருந்து மயக்கம் போட்டுவிட்டாள். மற்ற மூன்று பேரும் மூன்று கும்பலில் மாட்டிக்கொண்டார்கள். ஒரு பெரிய குடும்பம், கண்ணாடிக்கு நேராக உட்கார்ந்து, யாராவது போட்டுக் காட்டுங்க என்று சத்தம் போட்டுக்கொண்டிருக்கிறது. அந்தக் குடும்பத்துக் கல்யாணப் பெண் நல்ல கறுப்பு. பெரிய கண். அவள் ரேக் பக்கம் எட்டிப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.

"அந்த அக்காவை வரச் சொல்லுங்க. அவங்க என் கலரு. அவங்க மேல போட்டாத்தான் எனக்குத் தெரியும்."

சண்முகவடிவு அக்கா மேனேஜரைப் பார்த்தார். மேனேஜர் வேறு பக்கம் பார்த்தார். நான் யாரையும் பார்க்கவில்லை. வெளியே வந்தேன். அரக்கு உடல், பச்சைக் கரை, கோர்வை. கொசுவம் மடித்தேன், செருகினேன், முந்தியைத் தோளில் போட்டுத் திரும்பினேன்.

சத்தம் நின்றது அக்கா. நான் சொன்னேன் இல்லையா அந்த ஒரு நொடி, அது எனக்குக் கிடைத்தது. ஒரு நொடி இல்லை, நாலைந்து நொடி இருக்கும். பெண் எழுந்து வந்து என் பக்கத்தில் நின்று கண்ணாடியைப் பார்த்தாள். "இதுதான்" என்றாள்.

மாப்பிள்ளையின் அத்தை ஒருவர் உட்கார்ந்திருந்தார். சிரித்த முகம். "எந்த ஊரு பிள்ள நீ?" என்று கேட்டார். சொன்னேன். "அட, நம்ம பக்கம்தான். அங்க எந்தத் தெரு?" என்று கேட்டார். குரலைத் தாழ்த்தாமல்தான் சொன்னேன். எதற்குத் தாழ்த்த வேண்டும், என் தெருதானே.

அவருக்குச் சிரிப்பு மாறவே இல்லை. அதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை. அதே சிரிப்போடு மேனேஜரிடம், "சேலை நல்லாத்தான் இருக்கு. இதே மாதிரி, யாரும் மேல போடாதது ஒண்ணு எடுங்க" என்றார். அதே மாதிரி இன்னொன்று இல்லை. எழுந்து போய்விட்டார்கள். பெண் மட்டும் படிக்கட்டில் ஒரு தடவை திரும்பிப் பார்த்தாள். அவளும் ஒன்றும் பேசவில்லை. பேசினால் அவளுக்கு அந்த வீட்டில் முதல் நாளே சண்டை.

யாரும் மேலே போடாதது. முந்தின நாள் அதே சேலையைக் கோமதி மூன்று குடும்பத்துக்கு மேலே போட்டுக் காட்டியிருக்கிறாள். அந்த மூன்று தடவையும் அது யாரும் மேலே போடாத சேலைதான் போலிருக்கிறது.

மறுநாள் மேனேஜர் ஒரு தாளை நீட்டினார். என் வேலைக்கு மீறி, அனுமதி இல்லாமல், சேலையை மேலே போட்டதற்கு வருந்துகிறேன், இனி பேக்கிங்கிலேயே இருக்கச் சம்மதிக்கிறேன் என்று எழுதியிருந்தது. கையெழுத்து மட்டும் பாக்கி.

"போட்டதுக்கு வருத்தம் இல்ல சார். எறக்கச் சொன்னதுக்குத்தான் வருத்தம். அத எழுதினா போடுதேன்."

"அப்ப நாளைலருந்து வர வேண்டாம்."

அவ்வளவுதான். மெத்தையிலிருந்து வாசல் வரைக்கும் எத்தனை படி என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

நேராகத் தீபலட்சுமி மேடத்திடம் போனேன். கடையில் பெண்களுக்கென்று ஒரு புகார்க் குழு இருக்கிறது, அவர்தான் தலைவி. உட்காரச் சொன்னார், டீ வரவழைத்தார்.

"சொல்லு பொன்மலர். ஆம்பளைங்க யாராவது தப்பாப் பேசினாங்களா?"

"இல்ல மேடம்."

"தொட்டாங்களா? மேனேஜர்?"

"அவரு தள்ளி நின்னுதான் பேசினாரு. ரொம்பத் தள்ளி."

"பின்ன இது எப்படிம்மா பொம்பளைங்க பிரச்சினை ஆகும்? கண்ணாடி முன்னாடி நிக்கிற நாலு பேரும் பொம்பளைங்கதானே? நானே பொம்பளைதானே? நமக்குள்ள போய் நீ சாதியக் கொண்டு வராத."

நான் கொண்டு போகவில்லை அக்கா. எனக்கு முன்னாலேயே அது மெத்தையில் உட்கார்ந்திருந்தது. அதைச் சொன்னேன். அவருக்குக் கண் கலங்கிவிட்டது. நான் அவரை வருத்தப்படுத்திவிட்டேனாம். டீயைக் குடித்துவிட்டு வந்தேன். நல்ல டீ.

சரி, சாதி என்றால் அதற்குப் போய் நிற்க எங்கள் தெருவில் மன்றம் இருக்கிறது. மன்றத்துக்குச் செயலாளர் யார் என்கிறீர்கள்? செல்லத்துரை.

"ஏட்டி, நீ சாதின்னு மனு குடுத்தா மொதல்ல என்னத்தான் கூப்பிட்டுக் காட்டுவாக. இந்தா, அந்தத் தெரு ஆளு, ஆறு வருஷமா வாசல்லயே நிக்கான்னு. நான் என்னத்தச் சொல்ல?"

"நெஜத்தச் சொல்லு. உனக்கு வேட்டி, எனக்குச் சேலை."

"சேலை பொம்பளைங்க சமாச்சாரம்ளா. அத எப்படி மன்றத்துல எடுக்க முடியும்? என் பொழப்பையும் சேத்துக் கெடுத்துராத."

இங்கே போனால் அது சாதி, அங்கே போ. அங்கே போனால் அது பொம்பளை சமாச்சாரம், இங்கே போ. அப்புறம்தான் அரசாங்க ஆபீஸ் ஒன்றுக்குப் போனேன். தொழிலாளர் புகாரெல்லாம் வாங்குகிற இடம். கிளார்க் ஒரு ஃபாரம் கொடுத்தார். எதனால் பாகுபாடு என்று கேட்டு வரிசையாகக் கட்டம் போட்டிருந்தது. சாதி ஒரு கட்டம், பால் ஒரு கட்டம். நான் இரண்டிலும் டிக் அடித்தேன்.

"ஒண்ணுலதாம்மா அடிக்கணும். ரெண்டுல அடிச்சா கம்ப்யூட்டர் எடுக்காது."

"கம்ப்யூட்டருக்கும் என் கலர் எடுக்கலையா சார்?"

அவர் சிரிக்கவில்லை. சரி என்று பொறுமையாகவே சொன்னேன். "சார், நான் எங்க தெருல ஆம்பளையாப் பொறந்திருந்தா வாசல்ல நின்னு வேட்டி வித்துக்கிட்டு இருப்பேன். வேற தெருல பொம்பளையாப் பொறந்திருந்தா மேல கண்ணாடி முன்னால நிப்பேன். எங்க தெருலயும் பொறந்து பொம்பளையாவும் பொறந்ததுனாலதான் பூமிக்குள்ள பேக்கிங். இதுல எதை அழிக்கன்னு நீங்களே சொல்லுங்க, அழிச்சிருதேன்."

பின்னால் வரிசையில் நின்ற ஒரு கிழவர் "அந்தப் பிள்ள சொல்றது சரிதானய்யா" என்றார். கிளார்க் எழுந்து உள்ளே போய் ஆபீசரைக் கேட்டுவிட்டு வந்து, ஃபாரம் வேண்டாம், வெள்ளைத்தாளில் கையால் எழுதிக் கொடு என்றார். எழுதினேன். ஆறு பக்கம். என் கையெழுத்து நன்றாக இருக்கும்.

ஆனால் சாட்சி வேண்டும் என்றார்கள். அத்தை சொன்னதைக் காதால் கேட்ட ஆள். கோமதி மயக்கத்தில் இருந்தாள், மயக்கம் போடாவிட்டாலும் வர மாட்டாள். சண்முகவடிவு அக்கா போனையே எடுக்கவில்லை. அப்போதுதான் பாத்ரூம் பூஜா வந்தாள்.

அது ஒரு கதை. எங்கள் கடையில் துடைக்கிற வேலைக்கு வடக்கிலிருந்து மூன்று பெண்கள் இருந்தார்கள். ஜார்க்கண்டோ, ஒடிசாவோ. அவர்கள் பேர் யார் வாயிலும் நுழையாது. அதனால் மூன்று பேருக்கும் பூஜா என்று வைத்துவிட்டோம். உயரமானவள் பெரிய பூஜா. சின்னவள் குட்டி பூஜா. இவள் பாத்ரூம் பூஜா. சிரிக்கிறீர்களே, நாங்களும் அப்படித்தான் சிரித்தோம். கூப்பிட்டால் அவளும் சிரித்துக்கொண்டுதான் வருவாள்.

அன்றைக்கு மெத்தைப் பக்கம் ஒரு குழந்தை ஜூஸைக் கொட்டிவிட்டது. இவள் முட்டி போட்டுத் துடைத்துக்கொண்டிருந்தாள். நான் கவனிக்கவே இல்லை. மனு கொடுத்த மறுவாரம் பஸ் ஸ்டாப்பில் என்னைத் தேடி வந்து நிற்கிறாள்.

"அக்கா, நான் பாத்தேன். நான் சொல்றேன் ஆபீஸ்ல."

"நீ தரையத்தான பாத்துக்கிட்டு இருந்த? உனக்கு என்ன தெரியும்?"

"தரை பாத்தா காது மூடுமா?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அப்புறம் அத்தை பேசியதை அப்படியே, அந்த இழுவையோடு, அந்தச் சிரிப்போடு சொல்லிக் காட்டினாள். யாரும் மேல போடாதது ஒண்ணு எடுங்க. தமிழில் பிழை இல்லாமல் அவள் வாயில் வந்த வாக்கியம் அது ஒன்றுதான் போலிருந்தது. சாட்சி என்ற இடத்தில் எழுதினேன்: பூஜா, துப்புரவுப் பணி.

விசாரணை அன்றைக்கு மேனேஜரும் வக்கீலும் வந்தார்கள். செல்லத்துரையைப் பவுடர் போட்டுக் கூட்டி வந்திருந்தார்கள், காட்டுவதற்கு. நான் பேசினேன். அப்புறம் அவள் பேசினாள். அக்கா, அவள் மாதிரி யாரும் பேசியிருக்க முடியாது. பாதி இந்தி, பாதி தமிழ். ஆபீசரின் மேஜைமேல் இருந்த துண்டை எடுத்துத் தோளில் போட்டு, நான் எப்படித் திரும்பினேன், எல்லோரும் எப்படி வாயை மூடினார்கள், அந்த அத்தை எப்படிக் கேட்டார் என்று எல்லாவற்றையும் நடித்துக் காட்டினாள். ஆபீசர் பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார். எனக்கு இடம் கிடைத்துவிட்டது என்றே நினைத்தேன்.

அப்போது மேனேஜர் எழுந்தார். "சார், எங்க ரெஜிஸ்டர்ல பூஜான்னு ஒருத்தரும் இல்ல. மனுவுல எழுதியிருக்கிற ஆளே எங்க கடைல கெடையாது." ரெஜிஸ்டரைக் கொண்டே வந்திருந்தார். அந்தப் பேரை முதலில் வைத்தது யார் என்கிறீர்கள்? அவர்தான்.

ஆபீசர் அவளிடம் கேட்டார். "உன் பேர் என்னம்மா?"

அவள் என்னைப் பார்த்துத் திரும்பினாள். பல் தெரியச் சிரித்தாள். "அக்கா சொல்லும்" என்றாள்.

விளையாட்டு இல்லை அக்கா. அவள் நிஜமாகவே நினைத்துக்கொண்டிருந்தாள், மற்றவர்கள் என்ன கூப்பிட்டாலும் எனக்குத் தெரிந்திருக்கும் என்று. இரண்டு வருஷம் ஒரே பூமிக்குள் இருந்தோம். ஒரே குழாயில் கை கழுவினோம். எனக்காக ஒருநாள் சம்பளத்தை விட்டுவிட்டு வந்து நிற்கிறாள். எனக்குத் தெரியாமல் இருக்குமா?

ஆபீசர் என்னைப் பார்த்தார். எல்லோரும் பார்த்தார்கள். வாய் எல்லா இடத்திலும் எடுக்கும் என்று சண்முகவடிவு அக்கா சொன்னாரே, அன்றைக்கு எடுக்கவில்லை.

அவளுடைய அந்தச் சிரிப்பு மெல்ல மெல்ல உள்ளே போனது. தோளில் இருந்த துண்டை எடுத்து, மடித்து, மேஜைமேல் வைத்துவிட்டு வெளியே நடந்தாள். ஆபீசர் பெருமூச்சு விட்டு, "முதல்ல உன் சாட்சியோட பேரைத் தெரிஞ்சுக்கிட்டு வாம்மா. ஒரு மாசம் டைம்" என்றார்.

வாசலில் ஓடிப்போய்ப் பிடித்தேன். எனக்கு ஆத்திரம். "ஏம்ளா, உள்ள கேட்டாகல்லா, நீயே சொன்னா என்ன? ரெண்டு வருஷமா ஏன் எங்கிட்டயும் சொல்லல?" என்று கத்தினேன்.

"நீ கேக்கல" என்றாள். அவ்வளவுதான். பஸ் ஏறிவிட்டாள்.

சாட்சி சொல்ல வந்ததால் அவளையும் வேலையை விட்டு நிறுத்திவிட்டார்கள். திருப்பூரில் பனியன் கம்பெனிக்குப் போய்விட்டாள் என்று குட்டி பூஜா சொன்னாள். குட்டி பூஜாவின் நிஜப் பேரை இப்போது கேட்டுவிட்டேன், பாஹா. கஷ்டமே இல்லை, எல்லார் வாயிலும் நுழைகிற பேர்தான். அவளிடம் இவள் பேரைக் கேட்டால் சொல்ல மாட்டேன் என்றாள். சொல்லக் கூடாது என்று இவள் உத்தரவாம். நம்பர் மட்டும் கொடுத்தாள்.

போன் போட்டேன். இருபது தடவை எடுக்கவில்லை, இருபத்தோராவது தடவை எடுத்தாள்.

"பேர் வேணுமா? நேர்ல வா. வந்து கேளு. கேட்டா சொல்றேன். கையெழுத்தும் போடுறேன். ஆனா எனக்கும் மனு இருக்கு. அதையும் சேத்து எழுது."

"உனக்கு என்ன மனு?"

"பாய்."

சாப்பிடுகிற பாய், அக்கா. பேக்கிங்கில் நாங்கள் எட்டுப் பேர் பாய் விரித்துச் சேர்ந்து சாப்பிடுவோம். அவள் வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் தட்டைத் தூக்கிக்கொண்டு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். கொஞ்சம் தள்ளி உட்காரு என்றேன். அவள் தள்ளினாள். இன்னும் கொஞ்சம் என்றேன். அப்படியே படிக்கட்டு வரைக்கும் போய்விட்டாள். அப்புறம் இரண்டு வருஷமும் மூன்று பூஜாக்களும் படிக்கட்டில்தான் சாப்பிட்டார்கள்.

பினாயில் வாடைக்காகச் சொன்னது அது. வேறு எதற்கும் இல்லை. கை கழுவிவிட்டுத்தான் வருவாள், அது தெரியும். ஆனாலும் ஒரு வாடை இருக்கும் இல்லையா? நான் போய்ச் சாதி பார்ப்பேனா? அவள் என்ன சாதி என்றே எனக்குத் தெரியாதே. பேரே தெரியாதே.

ஏன் அப்படிப் பார்க்கிறீர்கள்?

இதையேதான் அவளிடமும் போனில் சொன்னேன். "வாடையா?" என்று கேட்டாள். "பெரிய பூஜா ஆம்பளையா இருந்தா லோடு வண்டி வேலை. நான் உங்க ஊரா இருந்தா பேக்கிங். நான் இந்த ஊரும் இல்ல, ஆம்பளையும் இல்ல. அதான் பாத்ரூம். இதுக்கு எங்க டிக் அடிக்கணும் அக்கா?" நான் கிளார்க்கிடம் பேசியதை யாரோ அவளுக்குச் சொல்லியிருக்கிறார்கள். அப்புறம் எதிர்மனுதாரர் யார் யார் என்று சொன்னாள். மேனேஜர். மேடம். சண்முகவடிவு அக்கா. நாலாவது நான். "மத்தவங்க எல்லாம் அப்புறம் சொன்னது. நீதான் முதல்ல சொன்னது."

செல்லத்துரை கேட்டுவிட்டு, "கிறுக்கு பிடிச்சிருக்கா? உன் மனுவுல உன் பேரையே எதிரியாப் போடுவியா? இவளே இப்படித்தான்னு வக்கீலு ஒரே வார்த்தைல முடிச்சிருவான். கண்ணாடிய நீ கனவுலகூடப் பாக்க முடியாது" என்றான். அவன் சொல்வது தப்பில்லை. நடக்கலாம். அவள் பேரை மட்டும் வாங்கிக்கொண்டு, பாயை விட்டுவிடு, அப்புறம் பார்க்கலாம், நாமெல்லாம் பொம்பளைங்கதானே என்று அவளிடம் சொல்லிப் பார்க்கலாமா என்றுகூட நினைத்தேன். நினைத்த உடனே அது யார் குரல் என்று தெரிந்துவிட்டது. டீ மட்டும்தான் இல்லை.

அந்தா, கண்டக்டர் தாராபுரம் என்கிறார். பையை எடுத்துக்கொள்ளுங்கள், குடை கீழே கிடக்கிறது பாருங்கள். இருங்கள், பஸ் நிற்கட்டும்.

இந்த ஃபைலில் புது மனு இருக்கிறது. நேற்றே எழுதிவிட்டேன். மனுதாரர் ஒன்று என்ற இடத்தைக் காலியாக விட்டிருக்கிறேன். இன்றைக்குத் திருப்பூரில் போய்க் கேட்டு, அவள் சொல்லச் சொல்ல எழுத்துக் கூட்டி எழுதுவேன். மனுதாரர் இரண்டு, பொன்மலர், கீழத்தெரு. எதிர்மனுதாரர் நாலு, பொன்மலர், கீழத்தெரு. இரண்டையும் என் கையாலேயே எழுதியிருக்கிறேன், அடித்தல் திருத்தல் இல்லாமல். ஒரே ஆள் ரெண்டு பக்கமும் எப்படிம்மா இருக்க முடியும் என்று அந்தக் கிளார்க் கண்டிப்பாகக் கேட்பார்.

இருக்கேனே சார், என்று சொல்வேன்.